புழுத்தொட்டிச் சம்பந்தம்

சிஸ்டருக்கு உரக்கப் பேச வராது. தொண்டையில் கோளாறு ஒன்றுமில்லை. உரக்கச் சொன்னால் ஒருத்தரும் கேட்க மாட்டார்கள் என்பது அவர் கட்சி. எதிரில் நிற்பவரின் காதருகே குனிந்து, சேலைத் தலைப்பால் வாயைப் பாதி மறைத்து, இடமும் வலமும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "யாருகிட்டயும் சொல்லாத" என்று அவர் ஆரம்பித்துவிட்டால் போதும். பொழுது சாய்வதற்குள் அந்த விஷயம் ஊர் எல்லையைத் தாண்டிவிடும். ஓசூர்ப் பக்கம் எல்லை தாண்டுவது என்றால் மாநிலத்தையே தாண்டுவது. ரகசியம் கன்னடத்துக்கு மாறி அத்திப்பள்ளி வரைக்கும் போய்ச் சேரும்.

அவர் கிராம சுகாதாரச் செவிலியர். சானமாவுக் காட்டை ஒட்டிய ஓர் ஊரில் துணை சுகாதார நிலையம் அவர் பொறுப்பில் இருந்தது. வீடு கிருஷ்ணகிரியில், தினமும் பஸ்ஸில் வருவார். வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. புருஷன் இல்லை. ஒரே மகன், ஓசூர்த் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தான். ஊரில் எல்லோருக்கும் அவர் சிஸ்டர். பெயர் சொல்லி யாரும் அவரைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. நானும் சொல்லப்போவதில்லை.

நான் விருதுநகர்ப் பக்கத்துக்காரன். சுகாதாரத் துறையில் ஒப்பந்த வேலை கிடைத்து அங்கே போனேன். டெங்கு, ரத்தசோகை, கை கழுவுதல் என்று எந்த விழிப்புணர்வு வந்தாலும் அதற்கு நோட்டீஸ் அடிக்க வேண்டும், பேனர் கட்ட வேண்டும், ஆட்டோவில் மைக் வைத்து ஊர் ஊராகச் சுற்ற வேண்டும். முதல் மழைக்காலத்தில் டெங்குவுக்காக ஒரு பேனர் செய்தேன். ஆள் உயரத்துக்கு ஒரு கொசு, அதன் காலில் வெள்ளை வரிகூடத் தப்பாமல் வரையச் செய்து, ஊர் முகப்பில் கட்டினேன். அடுத்த வாரம் போனபோது கம்பு மட்டும் நின்றது. சிஸ்டர் என்னை ஒரு வீட்டின் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். அங்கே ஒரு நீல டிரம்மின் வாயை என் பேனர் மூடியிருந்தது. சைக்கிள் டியூபால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். கொசு மேல்பக்கம் பார்த்துக்கொண்டு படுத்திருந்தது.

"ஒன் பேனரால கொசு ஒழிஞ்சுதா இல்லியா தம்பி? எழுத்த யாரும் படிக்கல. ஷீட்டு கெட்டியா இருக்குது, அவ்ளோதான்" என்றார்.

அன்றிலிருந்து நான் பேனர் தம்பி ஆனேன்.

அந்த ஊரில் மைக்குக்கு மரியாதையே இல்லை என்று சொல்ல முடியாது. காட்டிலிருந்து யானை இறங்குகிறது என்று ஜீப்பில் மைக் கட்டிச் சொன்னால் ஊரே கதவைச் சாத்திக்கொண்டு கேட்கும். கொசு வருகிறது என்று நான் சொன்னால் குழந்தைகள் மட்டும் ஆட்டோவின் பின்னால் ஓடிவரும். இதைச் சிஸ்டரிடம் புலம்பியபோது, யானையை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள், அதனால்தான் என்றார். பிறகு கொஞ்சம் யோசித்தார். அவர் யோசித்தால் ஊருக்குள் ஏதோ ஒரு கதை கிளம்பப்போகிறது என்று அர்த்தம்.

அப்போது எங்களுக்கு வேறொரு தலைவலி இருந்தது. வீட்டுக்கு வீடு கழிப்பறை கட்டிக் கொடுத்தாகிவிட்டது. அதில் கோழி அடைத்தார்கள், விறகு அடுக்கினார்கள். ஆண்கள் வழக்கம்போல் விடியற்காலையில் காட்டோரம்தான் போனார்கள். சிஸ்டர் டீக்கடைக்காரரின் மனைவியிடம் மட்டும் ஒரு விஷயம் சொன்னார். ஒற்றை யானை ஒன்று, காட்டோரம் உட்காருகிறவர்களை மோப்பம் பிடித்து, வந்த வழியே வீடு வரைக்கும் வருகிறதாம். மறுநாளே கோழிகள் எல்லாம் கழிப்பறையைக் காலி செய்து வெளியே வந்தன. வெற்றிதான். ஆனால் நான்காம் நாள் வனக் காவலர்கள் பட்டாசும் டார்ச்சுமாக வந்து இறங்கி, அந்த ஒற்றை யானை எங்கே என்று துணை சுகாதார நிலையத்திலேயே விசாரித்தார்கள். சிஸ்டர் முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல், "கர்நாடகா பக்கம் போயிடுச்சாம்" என்று சொல்லி அனுப்பிவைத்தார்.

இதெல்லாம் பொய் இல்லையா என்று ஒருமுறை கேட்டேன். அவர் நிஜமாகவே மனம் நொந்துபோனார். நான் பார்த்தேன் என்று எங்கேயாவது சொன்னேனா, 'வருதாம்' என்றுதானே சொன்னேன் என்றார். அந்த 'ஆம்' ஒன்றை வைத்துக்கொண்டு அவர் முப்பது வருஷ சர்வீஸை ஓட்டியிருந்தார்.

கம்பெனிப் பெண்கள் தங்கும் விடுதியிலும் அதே கதைதான். பாதிப் பெண்களுக்கு ரத்தம் போதவில்லை. இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தால் வாங்கி ஜன்னல் வழியாக வீசிவிடுவார்கள். விடுதியின் பின்பக்கம் சிவப்பு மாத்திரையாகக் கிடக்கும். நான் 'ரத்தசோகையை வெல்வோம்' என்று நோட்டீஸ் ஒட்டினேன். சிஸ்டர் சமையல்கார அம்மாவிடம் போய், மூன்றாம் மாடியில் முழங்கால் வரைக்கும் பின்னல் தொங்குகிறதே அந்தப் பெண், அவள் மாத்திரையை எலுமிச்சம் பழச்சாற்றோடு விழுங்குகிறாள், வெளியே சொல்ல மாட்டேன் என்கிறாள் என்றார். அடுத்த மாதம் மாத்திரை பற்றாமல் போய்விட்டது. ரத்தம் குறைந்தால் முடி கொட்டும் என்பது உண்மைதான். ஆனால் பின்னல்காரப் பெண்ணுக்குப் பரம்பரையிலேயே அப்படி முடி என்பது பிற்பாடுதான் எனக்குத் தெரிந்தது.

ஒருமுறை கிருஷ்ணகிரியில் எங்களுக்குப் பயிற்சி நடந்தது. சென்னையிலிருந்து வந்தவர், மக்களிடம் ஒரு செய்தியைக் கொண்டு சேர்க்கச் சிறந்த ஊடகம் எது என்று கேட்டார். ஒருவர் டி.வி. என்றார், ஒருவர் வாட்ஸப் என்றார். அதுவரை கண்ணை மூடியிருந்த சிஸ்டர், "மாவு மில்லுங்க சார்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. ராகி அரைக்கக் கொடுத்துவிட்டு முறைக்காகக் காத்திருக்கும் பெண்களை விட வேகமான கம்பி எதுவும் இல்லை என்பது அவருடைய அனுபவம்.

அந்த மில்லை நடத்தியவர் லட்சுமம்மா என்ற தெலுங்கு பேசும் அம்மா. மெஷின் சத்தத்தில் கத்திக் கத்தியே அவருக்குத் தொண்டை பெருத்திருந்தது. சிஸ்டர் அவர் காதில் போட்டது அவ்வளவும் ஒலிபெருக்கியில் போட்ட மாதிரிதான். புழுத்தொட்டிக் கதையும் அங்கேதான் பிறந்தது.

ஊரில் குழாய்த் தண்ணீர் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்த அன்று தொட்டி, டிரம், குடம் என்று எல்லாவற்றிலும் பிடித்து வைத்துக்கொள்வார்கள். திரும்ப வருகிறவரை அது அப்படியே கிடக்கும், கொசுப் புழு நெளியும். மருந்து ஊற்றினால் நாற்றம் என்பார்கள், தேய்த்துக் கழுவச் சொன்னால் தண்ணீருக்கு யார் பதில் சொல்வது என்பார்கள். அந்த வருஷம் பக்கத்து ஊர்களில் காய்ச்சல் ஆரம்பித்திருந்தது. சிஸ்டர் மில்லுக்குப் போனார்.

அவர் சொன்னது இதுதான். ஏதோ ஓர் ஊராம். பெண் பார்க்க வந்திருந்தார்களாம். எல்லாம் பிடித்துவிட்டதாம். மாப்பிள்ளையின் அம்மா கை கழுவப் பின்பக்கம் போய்த் தொட்டியில் சொம்பை விட்டாளாம். சொம்பு நிறையப் புழு. ஒன்றும் காட்டிக்கொள்ளாமல் உள்ளே வந்து, ஜாதகம் பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்று எழுந்துவிட்டார்களாம். போனவர்கள் போனவர்கள்தானாம்.

கல்யாண வயதில் பெண் இருந்த வீடுகளில் எல்லாம் அந்த வாரம் தொட்டி தேய்க்கும் சத்தம் கேட்டது. தேங்காய் நாரும் பிளீச்சிங் பவுடரும் கடையில் தீர்ந்துபோயின. பையன் மட்டும் உள்ள வீடுகளில் புழு நிம்மதியாக இருந்தது. சிஸ்டருக்கு அது ஒரு குறைதான். ஆனாலும் பாதி ஊர் சுத்தமாகிவிட்டதே என்று மகிழ்ந்தார். ஓசூர் பஸ் நிலையத்தில் யாரோ ஒருவர், இது அத்திப்பள்ளியில் தன் சொந்தக்காரர் வீட்டில் நடந்ததாக என்னிடமே சொன்னார். நிஜமாகவே பெண் பார்க்க வருகிறவர்கள் பின்பக்கம் போய்த் தொட்டியை எட்டிப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள்.

கதை அந்தரத்தில் எத்தனை நாள் நிற்கும்? அது உட்கார ஒரு வீடு தேடியது.

ரத்னம்மா வீட்டில் போய் உட்கார்ந்தது. ரத்னம்மாவின் மகள் மஞ்சுளா, போன் பாகங்கள் பூட்டும் கம்பெனியில் வேலை செய்தாள். சிஸ்டர் கதையை அவிழ்த்துவிட்ட சமயம் பார்த்து, காவேரிப்பட்டினத்திலிருந்து அவளைப் பெண் பார்க்க வந்துவிட்டுப் போனவர்கள் பதிலே சொல்லாமல் இருந்தார்கள். அவர்களுக்குப் பெண் வேலைக்குப் போகக் கூடாது. இவள் வேலையை விடமாட்டேன் என்றாள். விஷயம் அவ்வளவுதான். ஆனால் ஊர் இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டது. அடுத்து வர இருந்தவர்கள் பஸ் நிறுத்தத்திலேயே டீ குடித்து, விசாரித்து, அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டார்கள்.

தாயும் மகளும் துணை சுகாதார நிலையத்துக்கு வந்த நாளில் நானும் அங்கே இருந்தேன். ரத்னம்மா ரத்த அழுத்தம் பார்க்க வந்ததாகச் சொன்னார். சிஸ்டர் பட்டையைக் கையில் சுற்றிக் காற்று ஏற்றினார். ரத்னம்மா அப்படியே அழத் தொடங்கிவிட்டார்.

"எங்க தொட்டிய நீங்களே பாத்திருக்கறீங்க சிஸ்டர். தண்ணி வர்றப்பல்லாம் தேய்ச்சுக் கழுவிட்டுத்தான் புடிக்கறன். எந்தப் பாவி இப்படிக் கட்டிவிட்டாளோ, அவ வெளங்குவாளா?"

சிஸ்டரின் கை பம்பின் மேல் நின்றுவிட்டது. ஊரிலேயே அவர் எட்டிப் பார்க்கத் தேவையே இல்லாத தொட்டி ரத்னம்மாவுடையதுதான் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

மஞ்சுளா அழவில்லை. கதவருகே நின்றுகொண்டு, "கல்யாணம் நின்னா நின்னுட்டுப் போவுது சிஸ்டர். கம்பெனி பஸ்ஸுல என் பக்கத்துல யாரும் உக்கார மாட்டேங்கறாங்க. புழுன்னு கூப்புடறாங்க" என்றாள்.

அவர்கள் போன பிறகு சிஸ்டர் வெகுநேரம் பட்டையைச் சுருட்டிக்கொண்டே இருந்தார். பிறகு, நாளைக்கு உன் மைக் ஆட்டோவைக் கொண்டுவா என்றார். நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவர் வாயில் மைக் என்ற சொல்லை அன்றுதான் நல்ல விதமாகக் கேட்டேன்.

மறுநாள் மாரியம்மன் கோயில் முன்னால் ஆட்டோவை நிறுத்தினோம். சிஸ்டருக்கு மைக்கைப் பிடிக்கத் தெரியவில்லை, ரகசியம் சொல்வது போலவே வாயோடு ஒட்டிப் பிடித்தார். புழுத்தொட்டிக் கதை பொய், எந்த வீட்டிலும் அப்படி நடக்கவில்லை, தொட்டியைக் கழுவ வேண்டுமே என்று நானாகக் கட்டியது என்று தமிழில் சொன்னார், கன்னடத்தில் சொன்னார், தெலுங்கில் சொன்னார். நான் அவரை அப்படிப் பார்த்ததே இல்லை.

ஒருத்தரும் நம்பவில்லை.

நம்பாததோடு நிற்கவில்லை. சிஸ்டருக்கு எவ்வளவு தங்கமான மனசு, அந்தப் பெண்ணைக் காப்பாற்றப் பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறார் பார் என்று பேசிக்கொண்டார்கள். அதுவரை கதையே கேட்டிராத மேலத்தெரு ஆட்கள்கூட, மைக் கட்டிச் சொல்கிற அளவுக்கு என்னதான் நடந்தது என்று விசாரித்துத் தெரிந்துகொண்டார்கள். சாயங்காலம் ரத்னம்மா வீட்டு வழியாகப் போகிறவர்கள் எல்லாம் நடையைத் தளர்த்தி எட்டிப் பார்த்தார்கள்.

இரண்டு நாள் சிஸ்டர் யாரோடும் பேசவில்லை. பேசாத சிஸ்டரைப் பார்க்க எனக்கே பயமாக இருந்தது. மூன்றாம் நாள் காலையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேராக மில்லுக்கு நடந்தார். நானும் கூடப் போனேன். ராகி அரைபட்டுக்கொண்டிருந்தது. ஐந்தாறு பெண்கள் காத்திருந்தார்கள். சிஸ்டர் லட்சுமம்மாவை மெஷினுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார். தலைப்பு வாய்க்குப் போயிற்று. கண் இடமும் வலமும் போய் வந்தது.

"யாருகிட்டயும் சொல்லாத லட்சுமம்மா. ஒன்ன நம்பிச் சொல்றன். அது எங்க வூட்ல நடந்தது."

லட்சுமம்மா மெஷினையே நிறுத்திவிட்டார்.

"என் மவனுக்குப் பொண்ணு குடுக்க வந்தாங்க, வூடு பாக்க. நான் ஊரூராத் தொட்டி பாக்கப் போயிட்டு என் வூட்டுத் தொட்டிய வுட்டுட்டன். புழு கெடந்துது, பாத்துட்டுப் போயிட்டாங்க. வெக்கத்துல பொண்ணு வூடு, மாப்பிள்ள வூடுன்னு மாத்திச் சொல்லிட்டன். பாவம் அந்தப் பொண்ணு மேல போயி வுழுந்துடுச்சு. மைக்குல அதச் சொல்ல வந்துதான் வாய் வரல."

லட்சுமம்மா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். கோயில் மேல் சத்தியமாக ஒருத்தரிடமும் சொல்லமாட்டேன் என்றார். நாங்கள் துணை சுகாதார நிலையத்துக்குத் திரும்பி நடந்து வருவதற்குள் எதிரே வந்த ஒரு பெண் சிஸ்டரைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டுப் போனாள்.

மைக்கில் மூன்று மொழியில் சொன்ன உண்மை ஏறாத ஊரில் இந்தப் பொய் தண்ணீர் மாதிரி இறங்கியது. ஊருக்குப் புத்தி சொல்கிற சிஸ்டர் வீட்டிலேயே புழு என்பதில் அவர்களுக்கு அப்படி ஒரு திருப்தி. அதற்குமுன் சிஸ்டர் வந்தால் பின்கதவைச் சாத்தியவர்கள், இப்போது தாங்களாகவே கூப்பிட்டுத் தொட்டியைக் காட்டினார்கள். இப்படித் தேய்க்க வேண்டும் என்று அவருக்கே சொல்லிக்கொடுத்தார்கள். இன்னொன்றும் நடந்தது. இப்போது கதையில் அவமானப்பட்டது பையன் வீடு அல்லவா? பையன் உள்ள வீடுகளிலும் தேங்காய் நார் சத்தம் கேட்க ஆரம்பித்தது. இதையும் யோசித்துத்தான் அவர் மாற்றிச் சொன்னாரா என்று நான் கேட்டேன். அவர் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார்.

வட்டார மருத்துவ அலுவலர் வரைக்கும் சேதி போயிற்று. அவர் சிஸ்டரைக் கூப்பிட்டு, நீங்களே இப்படி இருந்தால் எப்படி என்று கேட்டார். சிஸ்டர் தலை குனிந்து, தப்புதான் டாக்டர் என்றார். டாக்டர் மேஜையிலிருந்த நோட்டீஸ் ஒன்றை எடுத்து, வீட்டில் ஒட்டிவையுங்கள் என்று கொடுத்தார். நான் எழுதிய நோட்டீஸ் அது. வெளியே வந்ததும் சிஸ்டர் அதை வாசித்து முடித்துவிட்டு, பரவாயில்லை, எழுத்து நன்றாகத்தான் இருக்கிறது என்றார். என் நோட்டீஸை முழுசாகப் படித்த ஒரே ஆள், எனக்குத் தெரிந்து, அவர்தான்.

சிரிக்க முடியாமல் இருந்தது ஒருத்தன்தான். மகன். அந்த ஊர்ப் பையன்கள் பலர் அவனுடைய கம்பெனியில்தான் வேலை செய்தார்கள். கேண்டீனில் அவன் தட்டோடு வந்தால், தண்ணீர்க் குடத்தைப் பார்த்துக் குடி என்று ஒருத்தன் சொல்ல, வரிசையே சிரிக்குமாம். ஒருநாள் ஷிப்டு முடிந்ததும் சீருடையோடு துணை சுகாதார நிலையத்துக்கே வந்துவிட்டான். நல்ல பையன், அம்மாவிடம் குரல் உயர்த்தியதில்லை. அன்றும் உயர்த்தவில்லை.

"அம்மா, நம்ம வூட்ல தொட்டியே கெடையாதே" என்றான்.

மஞ்சுளா விஷயத்தைச் சிஸ்டர் அவனிடம் சொன்னார். காதில் அல்ல, நேருக்கு நேராக, ஒரு 'ஆம்'கூட இல்லாமல் சொன்னார். உன்னை ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்திருக்கலாம் என்று சிஸ்டர் தரையைப் பார்த்துச் சொன்னார். அந்தப் பெண்ணை இப்போது பஸ்ஸில் உட்கார விடுகிறார்களா என்று அவன் கேட்டான். விடுகிறார்கள் என்றதும், சரி என்று பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

மஞ்சுளாவுக்கு அடுத்த தை மாதம் கல்யாணம். அவள் வேலை செய்த கம்பெனியிலேயே சூப்பர்வைசர், சேலத்துப் பையன். வேலையை விடச் சொல்லாத இடம். கல்யாணம் கிருஷ்ணகிரியில் ஒரு மண்டபத்தில் நடந்தது. சிஸ்டரை மகன்தான் பைக்கில் கொண்டுவந்து இறக்கினான், கிளம்பப் பார்த்தவனை ரத்னம்மா கையைப் பிடித்துச் சாப்பிட உட்கார வைத்துவிட்டார். நாங்கள் மூவரும் ஒரே பந்தியில் உட்கார்ந்தோம்.

பாயசம் வந்துகொண்டிருந்தபோது ரத்னம்மா பட்டுப்புடவை சரசரக்க வந்து சிஸ்டரின் பக்கத்தில் குனிந்தார். அவர் முகத்தில் மகளைக் கரையேற்றிய நிம்மதியும், கரையேறாதவர்கள் மேல் ஒரு இரக்கமும் இருந்தன. மனசைத் தளர விடாதீர்கள் சிஸ்டர், எல்லாருக்கும் ஒரு காலம் வரும் என்று தேற்றினார். சிஸ்டர், "சரிங்க்கா" என்றார்.

ரத்னம்மா சிஸ்டரின் மகனை மேலும் கீழும் பார்த்தார். இலையில் அவன் கை நின்றுவிட்டது. பிறகு ரத்னம்மா இடமும் வலமும் பார்த்துவிட்டு, சிஸ்டரின் காதருகே இன்னும் குனிந்தார்.

"எங்க நாத்தனா பொண்ணு ஒண்ணு குந்தாரப்பள்ளில இருக்குது. தங்கமான கொணம். தைரியமாக் கேளுங்க சிஸ்டர், அவுங்க அவ்வளவாச் சுத்தம் பாக்க மாட்டாங்க."

சிஸ்டர் என்னைப் பார்த்தார். நான் இலையைப் பார்த்தேன்.